மடித்து வைத்த துண்டு

“அந்தக் கை மட்டும் போக மாட்டேங்குது தங்கச்சி,” என்றார் படக்கடைக்காரர்.

கணினித் திரையில் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் கறுப்பு அங்கியோடு நின்ற தங்கை சந்திரகலாவைக் கடைக்காரர் முதலிலேயே அழித்துவிட்டார். இடப்பக்கம் நின்ற மலர்விழியின் முகமும் புடவையும் போய்விட்டன. அப்பாவின் தோளில் அவள் வைத்திருந்த கையின் நான்கு விரல்கள் மட்டும் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

“அழிச்சா கோட்டு கிழிஞ்ச மாதிரி ஆயிடும். நேரம் குடுத்தா மெதுவா செஞ்சு பாக்கலாம்.”

“வேணாண்ணே. அப்படியே விட்டுடுங்க. பதினோரு மணிக்கு பாடி வந்துரும்.”

பாடி என்றா சொன்னோம் என்று மலர்விழிக்குப் பிறகுதான் உறைத்தது. நேற்று மத்தியானம் வரைக்கும் அப்பா.

படத்தின் பின்னணியில் ஒரு பெரிய பதாகை இருந்தது. தாதியர் கல்லூரிப் பட்டமளிப்பு விழா என்று மலாயில் எழுதி, கீழே தேதி போட்டிருந்தது. ஜூன் 14, சனிக்கிழமை. கடைக்காரர் அதன் மேல் மௌஸை இழுத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் தேதியும் போய், எல்லாம் வெறும் நீலமானது. அது போனபோது மலர்விழிக்கு நெஞ்சில் ஏதோ இறங்கினாற்போல நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவளே கவனித்தாள்.

சட்டம் போட்ட படத்தைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூமாலைக் கடைகள் திறந்திருந்தன. சித்தப்பா கமலநாதன் காரை இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு, பின்னால் ஹார்ன் அடித்தவனிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். நேற்றிலிருந்து அதே சட்டை.

“காட்டு,” என்றார். செய்தித்தாளை விலக்கிப் பார்த்தார். “என் கோட்டு. என் கல்யாணக் கோட்டு இது. ஒருநாளைக்குன்னு வாங்கிட்டுப் போனவரு திருப்பிக் குடுக்கவே இல்ல. கேட்டா, ‘ஒனக்கு வயிறு வந்துருச்சு, எனக்குத்தான்டா பொருத்தம்’ங்கிறாரு.” சிரிப்பு வந்தது அவருக்கு. பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

கார் நகர்ந்தது. மேம்பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“பூட்டு போடாம உள்ள போயிட்டாராமே அண்ணன். ஆஸ்பத்திரியில ஒங்க சூப்பர்வைசர் சொன்னான். ஆளுக்கொரு பூட்டு குடுத்திருக்காங்களாம். நெசமா?”

மலர்விழி படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“பச்சை விழுந்துருச்சு சித்தப்பா,” என்றாள்.

*

அப்பா சுகுமாறன் மேருவில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஃபிட்டர். அங்கே ஒவ்வொரு லைனிலும் ஆயிரக்கணக்கான பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். கித்தா என்னும் ரப்பர்ப் பால் தொட்டியில் முங்கி எழுந்து, சூட்டு அறைக்குள் நுழைந்து, மறுபக்கம் கையுறை போட்டுக்கொண்டு வெளியே வரும். இரவு பகல் நிற்காது. எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கோ பெட்டி பெட்டியாகப் போகும். சங்கிலி எங்காவது சிக்கினால் லைனை நிறுத்திவிட்டு அப்பாதான் உள்ளே ஊர்ந்து போவார்.

மலர்விழி அதே தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் கிளார்க். நான்கு வருடம் ஆகிறது. மாடியில் கண்ணாடி அறை. அங்கிருந்து லைன் தெரியாது, சத்தம்தான் கேட்கும். நேற்று இரண்டரை மணிக்கு ஏழாவது லைன் பழுதுக்காக நின்றிருந்தது. அது மறுபடி ஓட ஆரம்பித்ததை அவள் கேட்டாள். அப்பா வேலையை முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஃபைலை எடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, லைன் நின்றது. எல்லா லைன்களும் நின்றன. அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை.

முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், ஆறுதல் போல.

*

தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு முன்னால் ரோட்டை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வரிசை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தன் காரை எடுத்து வழிவிட்டுவிட்டு, மோட்டோர் சைக்கிளை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பிரேதப் பரிசோதனை முடிந்து பன்னிரண்டு மணிக்குத்தான் பெட்டி வந்தது. கோட்டைப் போட்டுவிடச் சொல்லி அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்கள். படத்தில் பொத்தான் திறந்திருந்தது.

அம்மா உஷாராணி நேற்றிலிருந்து அழவில்லை. கோபமாக இருந்தார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிறவரிடம் சண்டை போடுவதுபோலவே பேசிக்கொண்டிருந்தார்.

“கேஸ் தோம்ப மூனு தடவ திருகிப் பாப்பீங்க. வெளிய கெளம்பினா கேட்டப் பூட்டிட்டு திரும்பி வந்து ஆட்டிப் பாப்பீங்க. பாத்ரூம்ல ஈரம் இருந்தா வீட்டையே ரெண்டாக்குவீங்க. அங்க போயி மட்டும் என்ன அவசரம்? யாரு தொரத்துனா? குடுத்த பூட்டப் போட்டா கை தேஞ்சிருமா?”

“அண்ணி, விடுங்க,” என்றார் சித்தப்பா.

“ஏன் விடணும்? அவரு விட்டுட்டுப் போகலையா?”

சந்திரகலா அம்மாவின் தோளை அழுத்தினாள். அவள் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நேற்று வேலையிலிருந்து நேரே வந்தவள், சட்டைப் பையில் இருந்த ஒரு ஜோடி நீலக் கையுறையை எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தாள். மலர்விழி அதைப் பார்க்காமல் தண்ணீர் எடுத்தாள்.

படத்தைத் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். மாலை சரியாகத் தோளை மறைத்தது.

*

அது ஜூன் மாதக் கடைசியில் நடந்தது. பட்டமளிப்பு முடிந்து இரண்டு வாரம் இருக்கும்.

கையுறை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. மூன்றே நாள் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி சிவநேசன் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நின்றுவிட்டார். இயந்திரத்துக்குள் போகிறவர்களுக்குப் பூட்டுப் பயிற்சி. ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுக்க வேண்டும். உள்ளே போகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை வேறு யாராலும் லைனை ஓட்ட முடியாது. பூட்டுகள் வந்திருந்தன. பயிற்சிதான் நடக்கவே இல்லை.

“ரெண்டு மணி நேரம் லைன நிப்பாட்டுன்னு மேல போய்ச் சொன்னா என்னையவே நிப்பாட்டிருவாங்க,” என்றார் சிவநேசன். “மலர், பதினாலாந்தேதி சனிக்கிழமைன்னு போட்டு ஒரு அட்டெண்டன்ஸ் ரெடி பண்ணும்மா. ஆடிட் முடியட்டும், அடுத்த மாசம் உண்மையாவே நடத்திரலாம்.”

அடுத்த மாதம் என்று அவர் சொன்னபோது அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று மலர்விழிக்குத் தோன்றியது. அவளும் நம்பினாள். முப்பத்தெட்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். அப்பாவுக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அப்பா பசியாறிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார்.

“பதினாலாந்தேதியா? அன்னைக்கி நாம பிஜேல கோட்டு போட்டுக்கிட்டு நின்னோமே.”

“தெரியும்பா. சனிக்கெழமைதான் போட முடியும். மத்த நாளு லைன் ஓடியிருக்கு, புரொடக்‌ஷன் ரிப்போர்ட் இடிக்கும்.”

“அப்ப கோட்டு போட்டுக்கிட்டே டிரெய்னிங்குக்குப் போனேன்னு எழுதிக்கோ.”

“அப்பா!”

“பூட்டு குடுப்பாங்களா?”

“வந்துருச்சுப்பா. ஒங்க பேரு நானே டைப் பண்ணி ஒட்டியிருக்கேன்.”

அப்பா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். ஒவ்வோர் எழுத்தாக, சு, கு, மா, ற, ன் என்று. போட்டு முடித்துவிட்டுத் தாளை ஒருமுறை தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மற்ற முப்பத்தேழும் கிறுக்கல்கள். இது மட்டும் படிக்கக்கூடியதாக இருந்தது. கீழே, ‘பயிற்சியின்போது உடன் இருந்தவர்’ என்ற இடத்தில் மலர்விழி தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஆடிட் அன்று பூட்டுகளையெல்லாம் ஒரு பலகையில் வரிசையாக மாட்டி வைத்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று சிவநேசன் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி மலர்விழியிடம். அடுத்த மாதம் வந்தது, போனது.

ஒருநாள் அப்பா கேட்டார். “என் பூட்டு என்னம்மா ஆச்சு?”

“குடுப்பாங்கப்பா.”

“பரவால்லலா. எனக்குத் துண்டு இருக்கு.”

லைனுக்குள் போகும்போது அப்பா ‘குட் மார்னிங்’ என்று அச்சடித்த தன் துண்டைச் சுவிட்ச் பிடியில் கட்டித் தொங்கவிடுவார். பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். துண்டு தொங்கினால் சுகுமாறன் உள்ளே இருக்கிறார். பூட்டும் பலகையும் வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அந்தத் துண்டு போதுமானதாக இருந்தது.

*

சிவநேசன் ஒன்றரை மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. கூட வந்த இரண்டு பேர் கம்பெனிப் பெயர் போட்ட மலர் வளையத்தைத் தூக்கி வந்தார்கள். வாசலில் மலர்விழியைப் பார்க்காமல் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவள் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவள் என்று தெரிந்தும் வேலை கொடுத்தவர். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனால் அங்கேயே இரண்டைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்.

அவர் கும்பிட்டு நிமிர்ந்ததும் அம்மா கேட்டார்.

“சார், நீங்கதானே அங்க பாதுகாப்பு. நீங்க சொல்லுங்க. அவரு பூட்டு போடலையா?”

தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததை எடுக்காமல் இருந்த நேரம். கூடாரத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

சிவநேசன் ஒரு கணம் மலர்விழியைப் பார்த்தார்.

“டிரெய்னிங்லாம் குடுத்திருந்தோம் அக்கா,” என்றார். “ரெக்கார்ட் இருக்கு. நேத்து ஏதோ அவசரத்துல… மறந்துட்டாரு போல. யாருக்கும் நடக்கிறதுதான்.”

அம்மா தலையை ஆட்டினார். அப்பாவின் பக்கம் திரும்பி, மிக மெதுவாக, “மறந்துட்டீங்களா?” என்றார்.

நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

மலர்விழி அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே சிவநேசன் வந்தார். சிங்க்கில் கழுவாத கப்புகள் குவிந்திருந்தன. அவள் குழாயைத் திறந்து ஒரு கப்பைக் கையில் எடுத்தாள்.

“மலர், இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். திங்கக்கெழம காலையில தொழிலாளர் பாதுகாப்பு இலாகா ஆளுங்க வராங்க. அலமாரி சாவி ஒங்கிட்டதானே இருக்கு? இன்னொண்ணு ஆஃபிஸ்ல இருக்கும்னு தேடுனேன், கெடைக்கல.”

“எதுக்கு சார்?”

“பூட்டெல்லாம் வொர்க்‌ஷாப்ல, அவங்கவங்க டூல் பாக்ஸ்ல இருக்கணும்லா. குடுத்தாச்சுன்னுதானே ரெக்கார்ட்ல இருக்கு.”

அவள் கப்பைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

“அந்த ஃபைல்ல என் கையெழுத்து இருக்கு. ஒன் கையெழுத்தும் இருக்கு,” என்றார் சிவநேசன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒனக்கு அம்மா இருக்காங்க. அவரு போயிட்டாரு, இனிமே வரப்போறதில்ல. இருக்கறவங்களப் பாக்கணும்லா. அடுத்த மாசம் யூனியன் வேணுமான்னு ஓட்டெடுப்பு வேற. அவங்க ஆளுங்க ஒங்கிட்ட ஏதாச்சும் கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு. சாவி எங்க?”

கைப்பை அறையில், கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி அதன் சின்னப் பையில் இருந்தது. அவளுக்கு அது ஒவ்வொரு நொடியும் தெரிந்தது.

“எங்க வச்சேன்னு ஞாபகம் வரல சார்.”

“யோசிச்சுப் பாரு. நாளைக்கிப் போன் பண்றேன்.”

போகும்போது ஃபிரிட்ஜின் மேலிருந்த நீலக் கையுறையைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் அதை எடுத்து விளிம்பை இழுத்து, கிழிகிறதா என்று சோதித்துவிட்டு வைத்தார்.

*

யுகேந்திரன் பின் சந்திலிருந்து கூப்பிட்டார். முன்பக்கம் கம்பெனி ஆட்கள் இருப்பதால் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவோடு ஒன்றாக வேலை பார்ப்பவர். அப்பாவுக்கு அடுத்து தொழிற்சங்கத்துக்கு அங்கே ஓடியாடுகிறவர் அவர் ஒருவர்தான். கையில் ஒரு பாசார் பிளாஸ்டிக் பை வைத்திருந்தார்.

“போலீஸ் எல்லாம் படம் எடுத்துட்டுப் போனப்பறம் மேசையிலயே கெடந்துச்சு. கூட்டறவங்க தூக்கிப் போட்ருவாங்கன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.”

உள்ளே அப்பாவின் துண்டு இருந்தது. நீலக் கோடு தெரிகிறாற்போல நான்காக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மடித்திருந்தது. அப்பா ஒரு துண்டையும் இப்படி மடித்ததில்லை.

“யாரு மடிச்சது அங்கிள்?”

“பிகாஷ். நேப்பாள்காரன். வந்து மூனு வாரந்தான் ஆவுது, ஏஜெண்ட் எடுத்து விட்ட ஆளு. லைன ஆன் பண்ணுன்னு சூப்பர்வைசர் கத்தியிருக்கான். இவன் போய்ப் பாத்தா சுவிட்ச்ல துண்டு. எந்த அண்ணனோ மறந்துட்டுப் போயிட்டாருன்னு அவுத்து, மடிச்சு, மேசையில வச்சிட்டு சுவிட்சப் போட்டுட்டான்.” யுகேந்திரன் மூக்கை உறிஞ்சினார். “ஹாஸ்டல்ல உக்காத்தி வச்சிருக்காங்க. போனப் பிடுங்கிட்டாங்க. துண்ட நல்லாத்தான் மடிச்சு வச்சேன், நல்லாத்தான் மடிச்சு வச்சேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கான். ஊர்ல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களாம்.”

சந்தில் ஒரு பூனை குப்பைத் தொட்டியிலிருந்து குதித்தது. முன்பக்கம் மறுபடி தேவாரம் தொடங்கியது.

“நாலு வருஷம் அலைஞ்சாரு ஒங்கப்பா,” என்றார் யுகேந்திரன். “சங்கத்துக்குக் கையெழுத்து கேட்டா ஒவ்வொருத்தனும் பொண்டாட்டியக் கேக்கணும், சாமியக் கேக்கணும்பான். ஆடிட்டுத் தாளு வந்தா பேனா வாங்கறதுக்கு வரிசையில நிக்கிறான். நானும் நின்னேன்லா. பொய்யின்னு தெரிஞ்சுதான் போட்டேன்.”

அவளைப் பார்த்து அவர் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார். அந்தத் தாளை ஏந்திக்கொண்டு லைன் லைனாக வந்தவள் யார் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை அவர் காட்டிக்கொள்ளாததுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“பூட்டே கண்ணுல பாக்கலன்னு நான் போய்ச் சொன்னா, தாள நீட்டுவாங்க. இதோ ஒன் கையெழுத்துன்னுவாங்க. யூனியன்காரன் ஏதாச்சும் சொல்லத்தான் செய்வான்னுவாங்க.” பையின் வாயை முடிந்து அவள் கையில் கொடுத்தார். “சரி, பாடி எடுக்கற நேரமாச்சு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. இன்னைக்கி வேணாம்.”

*

மூன்றரைக்கு எடுத்தார்கள். ஆண் பிள்ளை இல்லாததால் சித்தப்பாதான் குடம் சுமந்தார். மகள்கள் இருவரும் மின்சுடலைக்கு வரலாம் என்று சொன்னார்கள். சந்திரகலா போனாள். அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று மலர்விழி நின்றுவிட்டாள். நின்றதற்குக் காரணம் அது மட்டுமல்ல.

வண்டி முனை திரும்பியதும் அவள் வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றி வீட்டைக் கழுவினாள். பூவிதழ்களும் அரிசியும் தண்ணீரோடு ஓடி வாசல் கால்வாயில் விழுந்தன. கூடாரக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே ரொட்டி சானாய் எங்கே நன்றாக இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் விளக்கு ஏற்றி, படத்தை ஸ்டூலோடு நகர்த்தி வைத்தாள். மாலையைப் பெட்டியோடு அனுப்பிவிட்டதால் தோள் தெரிந்தது. விரல்களும் தெரிந்தன.

அம்மா ஈரத் தரையிலேயே வந்து உட்கார்ந்தார். குங்குமம் இல்லாத நெற்றி வேறு யாருடையதோ போல இருந்தது.

“இது என்ன கை?” என்றார் சிறிது நேரம் கழித்து. “அழிச்சிருக்கக் கூடாதா?”

“போகல.”

“யாரு கை? ஒன் கையா?”

“ம்.”

மலர்விழி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அறைக்குப் போய்க் கைப்பையையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவையில் ஈரம் ஏறியது.

“அம்மா, இந்தப் படம் எப்ப எடுத்தது?”

“கலாவுக்குப் பட்டம் குடுத்த அன்னைக்கி. நான்தானே எடுத்தேன்.”

“அது ஜூன் பதினாலு. அன்னைக்கி கம்பெனியில அப்பாவுக்குப் பூட்டு டிரெய்னிங் குடுத்தோம்னு ஃபைல்ல இருக்கு.”

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். “அன்னைக்கி முழுக்க எங்ககூடத்தானே இருந்தாரு. காலையில ஏழு மணிக்குக் கெளம்பினோம். அங்கேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போயி சாப்பிட்டோம். பாயாசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு.”

“ஆமா.”

“அப்பறம் எப்புடி?”

“நான் எழுதினேம்மா. அப்பாகிட்டக் கையெழுத்து வாங்குனதும் நான்தான். அந்த மேசையில வச்சு. கூட இருந்தேன்னு நானும் கையெழுத்துப் போட்டேன்.” அவள் குரல் நடுங்கவில்லை. ஆஃபிஸில் போனில் பேசுகிற குரல்போல அது தனியாக ஒலித்தது. “பூட்டு யாருக்கும் குடுக்கல. அப்பாவோடது பேரு ஒட்டி, பிளாஸ்டிக்கூடப் பிரிக்காம அலமாரியில இருக்கு.”

சாவியை எடுத்துத் தரையில் வைத்தாள். ஈரத்தில் சின்னதாக ஒரு சத்தம்.

அம்மா அதைத் தொடவில்லை. மலர்விழி காத்திருந்தாள். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். கூடாரத்துக் கம்பிகளைக் கழற்றும் ஓசை வாசலில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கம்பியாக லோரியில் விழுந்தது.

“அப்போ அவரு மறக்கல,” என்றார் அம்மா.

“மறக்கலம்மா. துண்டு கட்டிட்டுத்தான் உள்ள போனாரு.”

பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்துத் துண்டை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அதை முகர்ந்து பார்க்கவில்லை, முகத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. மடித்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க போன்ல அந்தப் படம் முழுசா இருக்கும்,” என்றாள் மலர்விழி. “பின்னால தேதியோட. அத யுகேந்திரன் அங்கிளுக்கு அனுப்பணும். திங்கக்கெழம இலாகா ஆளுங்க வரும்போது நான் அங்க இருப்பேன். அலமாரிய நானே தெறந்து காட்டறேன். அப்பறம் எனக்கு அங்க வேல இருக்காதும்மா. கேசுகூடப் போடுவாங்க.”

அம்மா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். விரலை வைத்துத் திறந்தார். திறந்ததை அவள் பக்கம் நீட்டினார்.

மலர்விழி படத்தைத் தேடி எடுத்தாள். நீலம் இல்லாத படம். கறுப்பு அங்கியில் சந்திரகலா, பதாகை, தேதி, கோட்டில் அப்பா, அவர் தோளில் கை போட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அவள். யுகேந்திரனின் பெயரைத் தொட்டு அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதினாள்: அங்கிள், அன்னைக்கி நாங்க ரெண்டு பேருமே அங்க இல்ல. தாள எழுதுனது நான்.

வெளியே லோரி புறப்பட்டது. வாசல் வெறிச்சென்று வெளிச்சமாகிவிட்டது. மின்சுடலைக்குப் போனவர்கள் வரும் நேரம். கால் கழுவ வாளித் தண்ணீர் வைக்க வேண்டும் என்று மலர்விழி எழுந்தாள். எழுந்தவள் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அம்மா முழங்காலில் நகர்ந்து படத்தின் அருகே போயிருந்தார். காலையிலிருந்து எத்தனையோ கைகள் பட்டு, கண்ணாடியில் விபூதியும் எண்ணெயும் அப்பியிருந்தன. மடியில் இருந்த துண்டை எடுத்தார். மடிப்பைப் பிரிக்கவில்லை. மடித்தபடியே வைத்துத் துடைத்தார். நெற்றியை, கன்னத்தை, திறந்திருந்த பொத்தானை. தோளுக்கு வந்ததும் அவர் கை சற்று நின்றது. பிறகு அந்த நான்கு விரல்களையும் துடைத்தார்.